வலி குறைந்திருக்கிறதா, எழுதவும்

வெள்ளிமலைக்கு மேலே,
பள்ளிக் குடியிருப்பு,
21.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மணிமொழி எழுதுவது. நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் சௌக்கியம்தானே?

பொங்கல் வரிசை வந்து சேர்ந்தது. கண்டக்டர் அந்தோணிதாஸ் கரும்புக் கட்டைப் பஸ்ஸின் மேலே போட்டுவிட்டு, புடவைப் பையை மட்டும் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். கரும்பைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். புடவை நிறம் அண்ணி பார்த்து எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. உங்களை விட்டால் மறுபடியும் பச்சைதான் எடுத்திருப்பீர்கள்.

வந்து சேர்ந்த அன்றே போனில் சொல்லியிருக்கலாம். எனக்கு டவர் வேண்டுமென்றால் தடுப்பணையைத் தாண்டிப் பாறைமேல் ஏற வேண்டும். உங்களுக்கோ பன்னிரண்டு வருஷம் நெல் மில்லில் நின்றதில் காது போய்விட்டது. நமக்கு விதித்தது தபால் கவர்தான்.

ஜீப் கவிழ்ந்து இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று ஸ்கேன் படத்தில் தெரிகிறதாம். வலி மட்டும் போகவில்லை. போர்டில் நாலு வரி எழுதினால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் இழுக்கிறது. உட்கார்ந்தேதான் பாடம் நடத்துகிறேன். எங்கள் ஹெச்.எம். நல்ல மனிதர். அவரே நேற்று, "இன்னா டீச்சர், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியாமே?" என்று கேட்டார். "ஆமா சார், ஸ்கேன்ல இல்ல, எனக்குத்தான் இருக்கு" என்றேன். சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அசதியாக இருக்கிறது அண்ணா. வலியால் வருகிற அசதி ஒரு பங்கு என்றால், வலிக்கிறது என்று ஒவ்வொருத்தரிடமும் சாட்சி சொல்லிக்கொண்டே இருப்பதால் வருகிற அசதி மூன்று பங்கு. சேலத்தில் வலிக்கென்றே பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தங்கை,
மணிமொழி


எலவனாசூர்கோட்டை,
16.02.2025

அன்புத் தங்கச்சி மணிமொழிக்கு,

அண்ணன் தங்கதுரை எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணியும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு தேறவில்லை என்பதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே குறை.

பதில் எழுதத் தாமதம். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. ஆள் கிடைப்பதற்குள் உயிர் போய்விடுகிறது.

என் பக்கம் ஒரு நல்ல சேதி உண்டு. மூன்று வருஷமாக இரண்டு பாதத்திலும் ஊசி குத்தல் இருந்ததே, அது கார்த்திகையிலிருந்து சுத்தமாக இல்லை. சந்தையில் ஒருவன் விற்ற மூலிகை எண்ணெயைத் தேய்த்தேன், போயே போய்விட்டது. இப்போது காய்ந்த கரும்புச் சோகை காலில் குத்தினால்கூடத் தெரிவதில்லை. போன வாரம் ஒரு கால் செருப்பை வயலிலேயே விட்டுவிட்டு வீடு வரைக்கும் வந்திருக்கிறேன். "இன்னாங்க இது, ஒத்தச் செருப்போட வந்துகினு இருக்கறீங்க" என்று உன் அண்ணி ஆண்டாள் கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். சர்க்கரைக்குப் போடுகிற மாத்திரையையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு?

உனக்கும் ஒரு புட்டி எண்ணெய் அனுப்பட்டுமா?

இந்த வருஷம் வைகாசியில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கப் போகிறேன். என்ன வேண்டுதல் என்று கேட்காதே. வெளியே சொன்னால் பலிக்காது.

ஜாக்கிரதையாக இரு. கனம் தூக்காதே.

இப்படிக்கு,
தங்கதுரை


வெள்ளிமலைக்கு மேலே,
23.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எண்ணெய் வேண்டாம். அந்த ஆள் எந்தச் சந்தையில் எதைக் காய்ச்சி விற்கிறானோ!

சேலம் போய் வந்தேன். மலை இறங்கி ஏறியதற்கு மூன்று நாள் படுக்கை. ஆனாலும் போனது நல்லதாயிற்று. டாக்டர் பெயர் ஜூலியா. என் வயதுதான் இருக்கும். என் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் என்னைப் பேசச் சொன்னார். இரண்டு வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பேச ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அடிபட்ட இடத்தில் வலி இல்லையாம். அங்கே இருந்து நரம்பு வழியாகச் சேதிதான் போகிறது. முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போய், அது ஆபத்துதானா என்று மூளை பார்த்து, ஆமாம் என்று முடிவு செய்தால்தான் நமக்கு வலிக்கிறது. அந்த இடத்தை அசைக்காதே, பார்த்துக்கொள் என்று உடம்பு போடுகிற சத்தம்தான் வலி. எலும்பு கூடியதும் சத்தம் நிற்க வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. நரம்புகள் பயந்துபோய், சின்ன அசைவுக்கும் பெரிய சேதியாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றனவாம்.

இங்கே சாமை விளைகிற சமயத்தில் பன்றிக்குக் காவல் இருப்பார்கள். ஒரு தடவை பன்றி வந்து கொல்லையை அழித்துவிட்டால், காவலுக்கு இருக்கிறவன் அப்புறம் இலை அசைந்தாலும் தகரத்தைத் தட்டுவான். என் இடுப்பு அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வலி பொய் இல்லங்க டீச்சர். எலும்பு ஆறிடுச்சு, காவல்தான் இன்னும் கலையல. மெதுவாத்தான் பழக்கணும்" என்றார். மாத்திரை கொஞ்சம், நடைப்பயிற்சி கொஞ்சம், தூக்கம் நிறைய. எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாதாம். ஆனாலும் பொய் இல்லை என்று ஒருத்தர் வாயால் கேட்டேனே, அது போதும் என்றிருந்தது.

நீங்கள் மாத்திரையைக் குறைத்தது சரியில்லை. டாக்டரைக் கேட்காமல் ஏன் குறைத்தீர்கள்?

தங்கை,
மணிமொழி


எலவனாசூர்கோட்டை,
20.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படித்த தங்கச்சி இருந்தால் அண்ணனுக்கும் நரம்பு, மூளை எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எலும்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் உனக்கு வலிக்கிறது. அது எதனால் என்று டாக்டர் அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். அதை நான் எழுத விரும்பவில்லை.

அம்மன் கோயிலில் பாரதம் படிக்க ஆள் வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் காப்புக் கட்டுகிறோம். விரதத்தில் ஒருவேளைதான் சாப்பாடு. அதனால் மாத்திரையை மொத்தமாக நிறுத்தி வைத்துவிட்டேன். சண்டைக்கு வராதே, திருவிழா முடிந்ததும் போடுகிறேன்.

தீமிதிக்கு நீ வர வேண்டாம். மலைப்பாதையின் அத்தனை வளைவையும் உன் இடுப்பு தாங்காது. பஸ்ஸில் வந்தாலும் சரி, ஜீப்பில் வந்தாலும் சரி, வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கதுரை


எலவனாசூர்கோட்டை,
02.06.2025

அன்புத் தங்கச்சி மணிமொழிக்கு,

அண்ணன் நலம். நலம் என்பது சின்ன வார்த்தை. அம்மன் என்னைக் கைவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. எண்பது பேர் மிதித்தோம். இந்தத் தடவை புளியங்கட்டை, நல்ல கங்கு. ஓரத்தில் நின்றவர்களுக்கே முகம் காந்தியது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் ஓட்டமாக ஓடிப் பால்குழியில் விழுந்தார்கள். நான் ஓடவில்லை. மணிமொழி, நான் நடந்தேன். வயல் வரப்பில் போகிற மாதிரி நடந்தேன். நடுவில் நின்று அம்மன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மீதி தூரம் போனேன். துளி சூடு தெரியவில்லை. தெருப் பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். நெல் மில்லில் மூட்டை தூக்கின காலுக்கு வந்த மரியாதையைப் பார்!

நம் தெரு அறிவுச்செல்வனுக்கு இரண்டு காலிலும் கொப்புளம். கொப்புளம் வந்தால் விரதத்தில் தப்பு நடந்திருக்கிறது என்று ஊர் பேசும், உனக்குத் தெரியும். பாவம், தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து உனக்கு வலி குறைந்திருக்கிறதா? நன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்து எழுதவும். அவசரம் இல்லை. ஆனால் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கதுரை


வெள்ளிமலைக்கு மேலே,
12.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தீமிதி நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அண்ணிக்கு இனிமேலாவது கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், விரதச் சமையலில் நொந்துபோயிருப்பார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆமாம் அண்ணா. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. கொஞ்சம் என்ன, நன்றாகவே குறைந்திருக்கிறது.

பள்ளி திறந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தங்கை,
மணிமொழி


வெள்ளிமலைக்கு மேலே,
06.07.2025

அண்ணா,

இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் உங்கள் பாதத்தைப் பாருங்கள். உங்களால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் அண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கு, குதிகால், நடுப்பாதம் எல்லா இடத்தையும். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நேற்று முன்தினம் சேலத்தில் இருந்தேன். பேச்சுவாக்கில் டாக்டரிடம் உங்கள் பெருமையைச் சொன்னேன். என் அண்ணன் நெருப்பின் நடுவில் நின்று கும்பிட்டார், சுடவே இல்லை என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அண்ணனுக்குச் சுகர் இருக்கா?" என்றார். பாதத்தில் ரொம்ப நாள் ஊசி குத்தல் இருந்ததா, பிறகு தானாக நின்றுவிட்டதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாரா என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லாததையும் கேட்டார்.

சர்க்கரை முதலில் நீளமான நரம்புகளைத்தான் கெடுக்குமாம். நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. கெடும்போது குத்தும், எரியும். முழுக்கச் செத்தபிறகு ஒன்றும் தெரியாது. உங்கள் வலி குணமாகிப் போகவில்லை அண்ணா. அதைச் சொல்ல வேண்டிய நரம்பு போய்விட்டது. எனக்குக் காவல் அதிகமாகிப்போனது, உங்கள் காலில் காவலே இல்லை. முள் ஏறினாலும் தெரியாது, வெந்தாலும் தெரியாது, சீழ் வைத்தாலும் தெரியாது.

சேலத்திலிருந்தே அண்ணியின் போனுக்குப் போட்டேன். "காலுக்கு இன்னா? வூட்டுக்கும் கொல்லைக்கும் நடந்துகினுதான இருக்கிறாரு" என்றார்கள். அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை.

நேரில் வந்திருப்பேன். சேலம் போய்வந்ததில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஒரு வரி பதில் போதும்.

மணிமொழி


எலவனாசூர்கோட்டை,
20.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் நலம், அண்ணி நலம். நீ இப்படிப் பதறி எழுதினால் உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

உன்னிடம் மறைப்பானேன். வலது பாதத்தில், நடுவிரலுக்குக் கீழே ஒரு புண் இருக்கிறது. சின்னதுதான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருக்கிறேன். ஆண்டாளுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. மில்லுக்குப் போட்ட பழைய ரப்பர் ஷூவைப் போட்டுக்கொள்கிறேன், வயல் சேற்றுக்குத்தானே என்று யாரும் கேட்பதில்லை. வலி துளிகூட இல்லை. வலிக்காத புண்ணுக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா?

இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். நான் மிதித்தது உனக்காக. உன் இடுப்பு வலி போக வேண்டும் என்றுதான் நேர்ந்துகொண்டேன். போய்விட்டது என்று நீயே உன் கையால் எழுதினாய். அந்தக் கடிதத்தை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். இப்போது நான் காலைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனால், அவள் கொடுத்தது போதவில்லை என்று ஆகும். ஊர் என் விரதத்தைச் சந்தேகப்படும், அது கிடக்கட்டும். அவள் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? இப்போது நீ படுத்திருப்பது சேலம் போய்வந்த அசதிதான், பழைய வலி வந்து மறுபடியும் படுக்கையில் விழுந்தால்? என் ஒரு காலுக்காக அதைச் செய்யமாட்டேன்.

நீ நன்றாக இரு. அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
தங்கதுரை


வெள்ளிமலைக்கு மேலே,
25.07.2025

அண்ணா,

இன்று நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

நான் எழுதியது பொய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வலி குறையவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் குறையவில்லை. ஜூன் மாதம் முழுக்க முன்பைவிட அதிகமாக இருந்தது. நீங்கள் "எழுதவும், எழுதவும்" என்று இரண்டு தடவை எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் எனக்காகத்தான் மிதித்தீர்கள் என்று தெரிந்துவிட்டது. இல்லை என்று எழுத மனம் வரவில்லை. ஒரு வரிதானே, அண்ணன் சந்தோஷப்படட்டும் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நம்பி ஆறு வாரமாகப் புண்ணைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

அம்மன் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. அதனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. நான் இதோ படுத்துத்தான் கிடக்கிறேன். உங்கள் கால் போனால் என் இடுப்பு சரியாகிவிடாது. உங்கள் காலில் புண் வந்தது விரதக் குறை இல்லை, நெருப்பு சுட்டது, அவ்வளவுதான். அறிவுச்செல்வனுக்கும் சுட்டது. அவனுக்குச் சுட்டது தெரிந்தது, மருந்து போட்டுக்கொண்டான். உங்களுக்குத் தெரியவில்லை.

என்னைத் திட்டுங்கள். அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆனால் நாளைக்கே அண்ணியிடம் காலைக் காட்டுங்கள். அந்தோணிதாஸ் இன்றைக்கு மாலை வண்டியில் இறங்குகிறார். கள்ளக்குறிச்சியில் தபாலில் போட வேண்டாம், நேராக உங்கள் வீட்டுக்கே போய்க் கையில் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

மணிமொழி


எலவனாசூர்கோட்டை,
09.08.2025

மணிமொழிக்கு அண்ணி ஆண்டாள் எழுதுவது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்ல வாய் வரவில்லை.

கண்டக்டர் தம்பி கொண்டுவந்து கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தார். மூணாம் நாள் காலையில், "ஆண்டா, இத்த கொஞ்சம் பாரு" என்று ஷூவைக் கழட்டிக் காலை நீட்டினார். நாற்றம் தாங்கவில்லை. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, சதை என்று நினைத்தேன். எலும்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பவும் அவர், "வலிக்கலம்மா, வலிக்கலம்மா" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் விரலை மட்டும் எடுப்போம் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார்.

அவர் புண்ணை மறைத்தார். நீ வலியை மறைத்தாய். நடுவில் நான் ஒருத்தி தினமும் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். நீ எழுதின காகிதத்தால்தான் உயிர் நின்றது, அதுவும் எனக்குத் தெரியும். முடிந்தால் வந்து பார்த்துவிட்டுப் போ.

ஆண்டாள்


எலவனாசூர்கோட்டை,
05.10.2025

அன்புத் தங்கச்சி மணிமொழிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. தேறிவருகிறேன். புண் ஆறிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆண்டாள் மாத்திரையைத் தன் கையால்தான் கொடுக்கிறாள், முழுங்கியபிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள்.

ஆகஸ்டில் நீ வந்து ரெண்டு நாள் கட்டில் பக்கத்தில் நின்றாய். உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குக் காரணம் பொய் எழுதினாய் என்பது இல்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஜீப் கவிழ்ந்த அன்றைக்கு உன்னைக் கள்ளக்குறிச்சியில் கடைசி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஓடினேன். மடை உடைந்திருந்தது. அடைத்துவிட்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. பஸ் போய்விட்டது. நீ ஜீப்பில் ஏறினாய். அதைப்பற்றி இன்று வரைக்கும் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எலும்பு கூடிவிட்டது, படத்தில் ஒன்றும் இல்லை என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது வலி இல்லை, என் மேல் இருக்கிற கோபம், அதுதான் போகமாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். டாக்டர் அம்மா சொன்னதாக நீ பக்கம் பக்கமாக எழுதியும் அப்படித்தான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல்தான் நெருப்பில் இறங்கினேன்.

இப்போது எனக்கு ஒன்று நடக்கிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. மூன்று வாரமாக வலது கால் பெருவிரல் எரிகிறது. எடுத்துப்போட்ட காலின் பெருவிரல். கங்குமேல் வைத்த மாதிரி எரிகிறது. கையை நீட்டினால் வேட்டிதான் இருக்கிறது. நெருப்பில் நின்றபோது தெரியாத எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன். ஆண்டாளிடம் சொன்னேன். "இல்லாத காலு எப்பிடிங்க வலிக்கும்? கனா கண்டிருப்பீங்க" என்றாள். அவள்மேல் தப்பில்லை. உனக்கு வலிக்கிறது என்றபோது நானும் அதைத்தானே நினைத்தேன்.

என் கால் யார் மேல் கோபப்படுகிறது மணிமொழி? யார் மேலும் இல்லை. சும்மா எரிகிறது. அப்படியென்றால் உனக்கும் சும்மாதான் வலித்திருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

மடை உடைந்தால் உடைந்துபோகட்டும் என்று உன்னைக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தங்கதுரை


வெள்ளிமலைக்கு மேலே,
12.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புண் ஆறியது கேட்டு நிம்மதி. அண்ணி சொல்கிறபடி வாயைத் திறந்து காட்டுங்கள்.

இனி உங்களுக்கு உள்ளதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் மாதம் முழுக்க, மோட்டாரும் மடையும்தான் உங்களுக்குப் பெரிது என்று நினைத்துக்கொண்டு உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அப்புறம் அது போய்விட்டது. எந்த நாளில் போனது என்றுகூடத் தெரியவில்லை. கோபம் போனது, வலி போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் நான் எப்போதோ எழுந்து ஓடியிருப்பேன்.

பாறைமேல் ஏறி டாக்டர் ஜூலியாவுக்குப் போன் செய்தேன். ஏறிப் போக ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று, பரவாயில்லை. அது கனவு இல்லையாம். காலை எடுத்தாலும் மூளையில் அந்தக் காலுக்கு என்று இருக்கிற இடத்தை யாரும் எடுக்க முடியாதாம். அது கால் எங்கே, கால் எங்கே என்று தேடிக்கொண்டு இருக்குமாம். நிறையப் பேருக்கு இப்படி வருமாம். மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, நாளாக ஆகக் குறையலாம் என்றார். குறையும் என்று சொல்லவில்லை, குறையலாம் என்றுதான் சொன்னார். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணியிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பெருவிரல் எரிகிறது என்றால் எரிகிறது. எனக்குச் சாட்சி வேண்டாம்.

தீபாவளி லீவுக்கு வருகிறேன். சனிக்கிழமை முதல் பஸ். வளைவுக்கு வளைவு வலிக்கும், வந்து சேரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் விரித்து வைக்கச் சொல்லுங்கள். விசாரிப்பு எதுவும் வேண்டாம். நீங்கள் எரிகிறது என்றால் நான் "ம்" என்கிறேன். நான் வலிக்கிறது என்றால் நீங்கள் "ம்" என்று சொல்லுங்கள். உங்களுக்குக் காது கேட்காதே, அதனால் சத்தமாகவே சொல்கிறேன்.

தங்கை,
மணிமொழி